கவரில் போன சிவகாசி

பட்டாசு ஒருபோதும் தபாலில் போனதில்லை. வெடிபொருளைத் தபாலில் சேர்க்கக் கூடாது என்று 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமே தடுத்துவிட்டது. ஆனாலும் சிவகாசி என்ற பெயர் வடக்கே டில்லிக் கடைக்காரருக்கும் கிழக்கே கல்கத்தா ஏஜென்டுக்கும் தபால்காரர் கையால் போய்ச் சேர்ந்தது. சரக்கு லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏறியது. அதற்கு முன்னே விலைப்பட்டியல், நடுவே ஆர்டர், பின்னே பில்லும் ரசீதும் என்று வியாபாரத்தின் பேச்செல்லாம் கவருக்குள் போயிற்று.

சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வளர்ந்ததும் ஊரறிந்த கதை. அந்தக் கதையில் கவருக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. கொடுக்கத்தான் வேண்டும். காகிதமும் கட்டிங் மிஷினும், தீப்பெட்டி ஒட்டிப் பழகிய கைகளும் ஒரே ஊரில் இருந்தன. கவர் செய்யவும் அந்த ஊருக்குத் தெரியும், அந்தக் கவரில் தன் பெயரை நாடெங்கும் அனுப்பவும் தெரியும்.

விலாசம்

அன்றைய கவரின் மூலையில் அச்சான விலாசத்திலேயே மாவட்டத்தின் வரலாறு இருக்கிறது. 1985 மார்ச் வரை ‘சிவகாசி, ராமநாதபுரம் மாவட்டம்’. அந்த ஆண்டு மாவட்டம் பிரிந்தபின் ‘காமராஜர் மாவட்டம்’. 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது ‘விருதுநகர் மாவட்டம்’. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது; கவர்தான் இரண்டு முறை அச்சு மாறியது.

இந்த மாற்றங்களுக்கு இடையில் தபாலைத் தவறாமல் கொண்டுவந்து சேர்த்தது பின்கோடு. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல மொழிகளில் பல எழுத்து. இந்தக் குழப்பம் தீர ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. முதல் எண் 6 என்றால் தெற்கு. 626 என்றால் விருதுநகர் வட்டாரம். 626001 விருதுநகர், 626123 சிவகாசி, 626203 சாத்தூர். தமிழ் படிக்கத் தெரியாத பிரிப்பாளரும் கடிதத்தைச் சரியான பைக்குள் போட அந்த ஆறு எண் போதும். மாவட்டத்தின் பெயர் மாறிய ஆண்டுகளிலும் எண் மாறவில்லை.

விலைப்பட்டியல்

தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே பட்டாசு ஆபீஸ்களில் கவர் வேலை தொடங்கிவிடும். மேசையின் ஒரு பக்கம் மடித்த பட்டியல்கள், மறுபக்கம் ‘ஒன்பதுக்கு நாலு’ கவர்க்கட்டு, நடுவே பசைக் கிண்ணமும் தண்ணீர் தோய்ந்த பஞ்சும். கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து, மடல்களின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி விசிறிபோல் விரித்து வைப்பார்கள். பிரஷை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லா மடலுக்கும் ஒரு நூல் கூடாமல் குறையாமல் பசை ஏறிவிடும். ஒவ்வொன்றாகத் தடவினால் நாள் போதாது, பசையும் வழிந்து உள்ளே இருக்கும் தாள் ஒட்டிக்கொள்ளும்.

அளவிலும் கணக்கு இருந்தது. ஏ4 தாளை மூன்றாக மடித்தால் உயரம் 99 மில்லிமீட்டர். ஒன்பதுக்கு நாலு அங்குலக் கவரின் உயரம் 102 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மடிப்பு நேராக இருந்தால்தான் தாள் கசங்காமல் உள்ளே இறங்கும். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் எடை 5 கிராம். மூன்று தாளும் கவரும் சேர்ந்தால் 20 கிராமுக்குள் அடங்கிவிடும். நாலாவது தாள் வைத்தால் அடுத்த படிக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

ஒட்டாமல் விட்டால் என்ன? குறைந்த தொகையைப்போல இரண்டு மடங்கைத் தபால்காரர் வாங்குபவரிடம் ‘டியூ’ கேட்பார். விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன்பே கடைக்காரர் கைக்காசு கொடுக்க நேர்ந்தால் அந்த ஆர்டர் வருமா? அதனால்தான் தராசில் நிறுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டும் தபாலாபீஸ் போகவில்லை. அச்சடித்த பட்டியல் மட்டும் என்றால் ‘புக் போஸ்ட்’ முத்திரை குத்தி, மடலை ஒட்டாமல் உள்ளே செருகிவிடுவார்கள், கட்டணம் குறைவாக இருந்தது. ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே சொந்தக் கடிதம் இருக்கக் கூடாது.

இன்று விலைப்பட்டியல் பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் ஒரு தட்டு. ஆயிரம் பேருக்குப் போய்விடுகிறது. காலையில் விலை மாறினால் மாலைக்குள் புதுப் பட்டியல். சிறிய ஆலைக்காரருக்கு ஸ்டாம்ப் செலவும் அச்சுச் செலவும் மிச்சம். இது பெரிய லாபம்; மறுப்பதற்கில்லை.

ஆனால் இதன்கூடவே ஒரு நோயும் வந்திருக்கிறது. இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் தீபாவளி தோறும் ‘சிவகாசி நேரடி விலை’ என்று போலித் தளங்கள் முளைக்கின்றன. பணம் கட்டியவர்களுக்குச் சரக்கு வருவதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு இதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது. பழைய கவரில் அனுப்பியவர் விலாசம் ஒரு மூலையில் இருக்கும். ஸ்டாம்பின் மேல் சிவகாசித் தபாலாபீஸின் தேதி முத்திரை இருக்கும். அந்த ஊரில் கால் வைக்காதவர் அந்த முத்திரையை வாங்குவது எளிதல்ல. பிடிஎஃப் எங்கிருந்தும் வரலாம்.

லாரி ரசீது

வெளியூர் வியாபாரத்தில் உயிர்நாடியான கவர் இன்னொன்று உண்டு: உள்ளே துணி ஒட்டிய தடித்த கவர். லாரி ரசீதும் பில்லும் அதற்குள் இருக்கும். அறிமுகமில்லாத வியாபாரி என்றால் அந்தக் கவர் அவருடைய ஊர் வங்கிக்குப் போகும். வங்கியில் பணம் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும். ரசீதைக் காட்டினால்தான் லாரி ஆபீஸில் சரக்கு கிடைக்கும். ஒரு லாரிச் சரக்கின் மதிப்பு ஒரு தாளில் இருந்தது. ஆகவே அது பதிவுத்தபாலில்தான் போகும். போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சியாக, வாங்கியவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வரும். அந்த அட்டைகளைக் கம்பியில் கோத்து வைக்காத கணக்கப்பிள்ளை இருந்திருக்க மாட்டார்.

இன்று இந்த வேலை முழுக்கக் கணினிக்கு மாறிவிட்டது. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு கட்டாயமானது. லாரி ரசீதைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். பணம் வங்கிக் கணக்குக்கு நொடியில் வந்துவிடுகிறது. 2025-இல் பதிவுத்தபாலும் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. 1986-இல் தொடங்கிய ஸ்பீட் போஸ்ட்தான் இப்போது இரண்டுக்கும் பெயர். கம்பியில் கோத்த அட்டைக்குப் பதில் பதின்மூன்று எழுத்தும் எண்ணும் கொண்ட பார்கோடு. கவர் இந்த நிமிடம் எந்த ஊரில் இருக்கிறது என்று கைபேசியில் பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் நாம் இழந்தது ஒன்றுமில்லை. ரசீது தொலைந்து சரக்கு கிடங்கில் கிடந்த காலம் போய்விட்டது, நல்லது.

காலண்டர்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளிவரும். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சில் ஏறி வீட்டுச் சுவர்களுக்குப் போன காலத்திலிருந்து, இந்தப் படங்களைக் கசங்காமல் அனுப்புவது ஒரு தனித் திறமை.

மாதக் காலண்டரைச் சுருட்டி உருளையாக அனுப்பலாம். மேலே தகரப்பட்டை அடித்த காலண்டர்தான் சிக்கல். பட்டையின் இரண்டு முனையும் கத்திபோல் வேலை செய்யும். தபால் பையில் கிடக்கும்போது பிரவுன் கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்துக் கடிதத்தையும் கிழிக்கும். அனுபவப்பட்டவர்கள் முனைகளில் அட்டைத் துண்டு மடித்துக் கட்டுவார்கள். தினசரிக் காலண்டரின் அட்டை வளையாமல் இருக்க, இரண்டு பக்கமும் தடித்த அட்டை வைத்துப் பார்சலாகவே அனுப்புவார்கள்.

விலைப்பட்டியலைப்போல இந்த வேலை கணினிக்குள் போய்விடவில்லை. ஏஜென்டுகள் படத்தை முதலில் திரையில் பார்க்கிறார்கள். ஆனால் ஆர்டர் கொடுக்குமுன் தாளின் கனத்தையும் தங்கநிற அச்சையும் தொட்டுப் பார்க்கக் கேட்கிறார்கள். கூரியர் பையும் குமிழித் தாளும் வந்திருக்கின்றன, தகரத்தின் முனை மட்டும் இன்னும் அதேபோல் கிழிக்கிறது. சொல்லைத் திரையில் அனுப்பிவிடலாம், தொட்டுப் பார்க்க வேண்டியதற்கு உறை வேண்டும்.

வாழ்த்தும் பத்திரிகையும்

தமிழ்நாடு முழுக்க வீட்டுக்குள் வந்த சிவகாசிக் கவர் பொங்கல் வாழ்த்தும் கல்யாணப் பத்திரிகையும்தான். நடிகர் படம், கரும்பும் பானையும், சீவிவிட்ட கொம்போடு காளை என்று அச்சான வாழ்த்து அட்டைகள் மார்கழியிலேயே பெட்டிக்கடை வாசலில் தொங்கும். மாணவர்கள் காசு சேர்த்து வாங்கி, மாமாவுக்கும் சித்திக்கும் டீச்சருக்கும் விலாசம் எழுதுவார்கள். ஒரு பிள்ளை தன் உறவினர்களின் தெருப்பெயரையும் ஊர்ப்பெயரையும் பின்கோடையும் கற்றுக்கொண்டது அந்தக் கவர்களில்தான்.

கல்யாணப் பத்திரிகைக்கு முறையே வேறு. படமும் பார்டரும் அச்சான வெற்று அட்டைகள் கவரோடு சேர்ந்து சிவகாசியிலிருந்து ஒவ்வொரு ஊர் அச்சகத்துக்கும் போகும். அங்கே டிரெடில் மிஷினில் மணமக்கள் பெயர் ஏறும். பிறகு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் விலாச நோட்டைத் திறந்து சொல்லச் சொல்ல, கையெழுத்து நன்றாக இருக்கும் அண்ணனோ அக்காவோ எழுதுவார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் ஏறும். யாரை விட்டோம், யார் வீடு மாறினார்கள், எந்தப் பங்காளியோடு பேச்சு நின்றுபோனது என்பதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டும்போதே தெரிந்துவிடும்.

இன்று பொங்கல் வாழ்த்து அநேகமாகக் கைபேசியில் முடிந்துவிட்டது. பத்திரிகை மட்டும் இருக்கிறது, முன்னைவிட ஆடம்பரமாக. சதுரக் கவர், கருநிறத் தாள், ஒட்டிய மணி, ரிப்பன், உலோகப் பிள்ளையார். பார்க்க அழகுதான். ஆனால் தபாலுக்கு எடுத்தால் சங்கடம். உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்கில் சாதாரண அளவுக் கடிதம் கனத்தில் 5 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. மணி வைத்த கவர் அதற்குள் அடங்காது. எந்திரத்தில் சிக்கும், கைப்பிரிப்பில் தாமதமாகும். கருநிறக் கவரில் விலாசம் எழுதப் பேனாவும் இல்லை, இடமும் இல்லை. சிவகாசி வடிவமைப்பாளர்கள் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நேரில் கொடுக்க ஒரு வடிவம், தபாலில் அனுப்ப ஒல்லியான இன்னொரு வடிவம் என்று ஒரே தொகுப்பில் கொடுத்தால் குடும்பங்கள் நன்றி சொல்லும்.

முகவரி

கடிதத் தபால் எங்கும் தொடரும் என்று சொல்ல முடியாது. டென்மார்க்கில் 1624-இல் தொடங்கிய அரசுத் தபால் சேவையின் வழிவந்த நிறுவனம், 2025 இறுதியோடு வீடுகளுக்குக் கடிதம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. நம் நாட்டில் தந்தி 2013-இல் முடிந்தது. ஆனால் 20 கிராம் கடிதத்தை 5 ரூபாய்க்கு நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுபோகும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை ‘டிஜிபின்’ கொண்டுவந்தது: நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. ‘மாரியம்மன் கோயில் எதிர்ச்சந்து’ என்று எழுதிய வீட்டுக்கும் இனிமேல் துல்லியமான இடம் உண்டு. தொழில்நுட்பமே முகவரியைத் தேடி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கவரின் மதிப்பு இந்த முகவரியில்தான் இருந்தது என்று நான் நம்புகிறேன். அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு விலாசம் எழுதினால் இரண்டு பக்கமும் பொறுப்பு வந்துவிடுகிறது. ஏமாற்றுக்காரர் தன் விலாசத்தை எழுதத் தயங்குவார். அக்கறையுள்ளவர் அடுத்தவர் விலாசத்தைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார். வேகம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வேகத்தோடு முகவரியையும் விட்டுவிட்டோம் என்பதே வருத்தம். மாமன் மகளின் கைபேசி எண் நம்மிடம் இருக்கிறது. அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டால் விழிக்கிறோம்.

திருத்திக்கொள்வது கடினமில்லை. பட்டாசு வாங்குபவர் பணம் அனுப்புமுன் விற்பவரின் கடை விலாசத்தையும் உரிம எண்ணையும் கேட்கலாம். அதை எழுத்தில் தராதவரிடம் வாங்காமல் இருக்கலாம். பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகள் ஒரு கவரைத் தாங்களே மடித்து ஒட்டி, பின்கோடோடு விலாசம் எழுதி, நிறுத்துப் பார்த்து ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போடட்டும். வீட்டில் விலாச நோட்டு மறுபடி திறக்கட்டும். அடுத்த பொங்கலுக்கு ஐந்து பேருக்காவது கவர் அனுப்புவது என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து பேரிடமும் முதலில் விலாசம் கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்கும்போதே பாதி உறவு புதுப்பிக்கப்பட்டுவிடும்.