படம் பிடிக்க பொள்ளாச்சி. பணம் எண்ண சென்னை!

ஸ்டூடியோ ஊராக இருந்த கோவைச் சீமை, "லொக்கேஷன்" ஊராக மாறிய கதை

பொள்ளாச்சி:-

கோவையில் பஸ் ஏறினால் 40 கிலோ மீட்டரில் பொள்ளாச்சி. கிணத்துக்கடவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. தெற்கே ஆனைமலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் குளிர்ந்த காற்று.

இந்த ஊருக்கு ஒரு முறைகூட வராதவர்களும் இந்த ஊரைப் பார்த்திருக்கிறார்கள். எங்கே? தியேட்டரில்!

1992 தீபாவளிக்கு வந்த "தேவர் மகன்" படத்தின் கிராமம் இந்த வட்டாரம்தான். கமல்ஹாசனும் சிவாஜி கணேசனும் நடந்த மண் இது. 1993ல் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த ஏவி.எம்.மின் "எஜமான்" படத்திலும் இதே மண்தான், இதே தோப்புதான். அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள்.

ஷூட்டிங் என்றால் ஊரே திரளும். "ஏனுங்க, ஷூட்டிங் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டு சைக்கிளிலும் டெம்போவிலும் கூட்டம் போகும். வேலிக்கு வெளியே வெயிலில் நின்று பார்க்கும். கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பார்கள். யூனிட் வண்டிகள் வரிசையாகக் கிளம்பிவிடும்.

அதற்குப் பிறகு ஊரில் மிச்சம் என்ன? உடைந்த பூசணிக்காய் மட்டும்தானா? கலையை நம்பி இந்த ஊரிலேயே ஒருவன் பிழைக்க முடியுமா? பொள்ளாச்சியில் பலரும் கேட்கும் கேள்வி இது.

ஏன் பொள்ளாச்சி?

ஒரு காலத்தில் சினிமா கிராமம் என்றால் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட்தான். 1977ல் பாரதிராஜாவின் "16 வயதினிலே" வந்தது. அதன் வெற்றிக்குப் பிறகு நிஜ கிராமத்தைத் தேடி டைரக்டர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

தேடியவர்களுக்குப் பொள்ளாச்சி நல்ல வேட்டையாக அமைந்தது. தோப்பு, வயல், வாய்க்கால், ஆழியாறு அணை, வால்பாறை மலைப்பாதை, ஜமீன் பங்களா, மாட்டுச் சந்தை என்று எல்லாம் கிட்டக்கிட்ட கிடைக்கின்றன. காலையில் வயலில் ஒரு காட்சி எடுத்துவிட்டு மதியமே மலையில் இன்னொரு காட்சி எடுக்கலாம். நட்சத்திரங்கள் வந்து இறங்க கோவையில் விமான நிலையம் இருக்கிறது. பட அதிபருக்கு நாளும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம்.

இந்தப் பச்சை தானாக வந்தது அல்ல. 1960களில் உருவான பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது. வயலும் தோப்பும் அதனால்தான் செழித்தன. திரையில் தெரியும் பச்சைக்கு விவசாயியின் வியர்வையும் காரணம் என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "தேவர் மகன்" கதை நடப்பது தென்பாண்டிச் சீமையில். எடுத்ததோ கொங்கு மண்ணில். "எஜமான்" படத்தில் ரஜினிகாந்த் பாத்திரத்தின் பெயர் வானவராயன். பொள்ளாச்சிப் பக்கம் சமத்தூர் ஜமீன் குடும்பத்தின் பட்டப் பெயரும் வாணவராயர்தான். மண்ணையும் எடுத்துக்கொண்டார்கள், பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் படத்தொழில் இங்கே வந்து தங்கவில்லை.

யாருக்கு என்ன?

வெளிப்புறப் படப்பிடிப்பு நடந்தால் ஊருக்கு வருமானமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீடு கொடுத்தவருக்கு வாடகை உண்டு. வேன்காரருக்கு வாடகை உண்டு. லாட்ஜ், மெஸ், டீக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றிலும் வியாபாரம் நடக்கும். கூட்டக் காட்சியில் நிற்பவர்களுக்கு அன்றைய கூலியும் சாப்பாடும் கிடைக்கும்.

அதோடு சரி.

லைட் பிடிப்பவர், மேக்கப்காரர், கேமரா உதவியாளர் போன்ற கைத்தொழில்காரர்கள் பெரும்பாலும் சென்னையில் உள்ள சங்கங்களின் உறுப்பினர்கள். யூனிட்டோடு வருவார்கள், யூனிட்டோடு போவார்கள். படம் எடுத்து முடித்த பிறகுதான் எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை, கிராபிக்ஸ் என்று மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதி சென்னைக்குத்தான் போகிறது.

ஊருக்குக் கிடைப்பது படம் தொடங்கும்போது திரையில் ஓடும் ஒரு நன்றி கார்டு. "பொதுமக்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. கண் சிமிட்டினால் அதுவும் போய்விடும்!

ரெயில்வே வேலையை விட்டவர்

ஆனால் கோவைச் சீமை எப்போதும் இப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற சீமை அல்ல. தென்னாட்டு சினிமாவுக்கே கோவைக்காரர் ஒருவர் முன்னோடி.

அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரெயில்வேயில் வேலை பார்த்தவர். 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து திருச்சியில் புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். டெண்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். 1914ல் கோவையில் "வெரைட்டி ஹால்" தியேட்டரைக் கட்டினார். அந்தத் தியேட்டரின் பெயரைக் கோவையில் ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. பி.ரங்கசாமி நாயுடு, எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு, வின்சென்ட் போன்ற கோவைப் பிரமுகர்கள் அதன் பின்னால் நின்றார்கள். மில் நடத்திய ஊர்ப் பணம் சினிமாவிலும் இறங்கியது.

மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெயர் எடுத்த, எம்.கே.தியாகராஜ பாகவதரின் "ஹரிதாஸ்" (1944) அங்கே உருவானது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ஜூபிடரின் "ராஜகுமாரி" (1947) படமும் அங்கேதான் உருவானது. அந்தப் படத்தின் வசனத்துக்காக மு.கருணாநிதி சிங்காநல்லூரில் தங்கி இருந்தார்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டை ஆண்ட இரண்டு முதல்-அமைச்சர்கள், சம்பளத்துக்கு வேலை பார்த்த இடம் கோவை!

ஆறு மொழியில் ஒரே கதை

ஸ்ரீராமுலு நாயுடு அதோடு நிற்கவில்லை. 1945ல் பட்சிராஜா ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1954ல் அவர் டைரக்ட் செய்த "மலைக்கள்ளன்" வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி ஜோடி. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அது.

அதே கதை ஆறு மொழிகளில் எடுக்கப்பட்டது. இந்தியில் "ஆசாத்" (1955) என்ற பெயரில் திலீப்குமார், மீனாகுமாரி நடித்தார்கள். அதையும் டைரக்ட் செய்தவர் ஸ்ரீராமுலு நாயுடுதான். இன்று "பான் இந்தியா படம்" என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதைக் கோவைக்காரர் ஒருவர் 1950களிலேயே செய்து காட்டிவிட்டார்.

ஏன் போனது?

நடிகர்கள், லேபரட்டரி, விநியோகஸ்தர் அலுவலகம், பைனான்ஸ் எல்லாம் ஒரே ஊரில் சேர்ந்தன. அந்த ஊர் சென்னை. நட்சத்திரங்கள் அங்கே வீடு வாங்கினார்கள். ஜூபிடர் கம்பெனியும் சென்னைக்கு மாறியது. கோவை ஸ்டூடியோக்களில் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது.

திறமையும் பின்னாலேயே போனது. கோவை மில் தொழிலாளியாக இருந்து, ஜூபிடர் படங்களில் சின்னச் சின்ன வேடம் போட்டவர் சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர். 1956ல் "தாய்க்குப் பின் தாரம்" எடுத்து அவர் பட அதிபர் ஆனது சென்னையில். உடுமலைப் பக்கம் வல்லக்குண்டாபுரத்துக்காரர் கவுண்டமணி. கோவைக்காரர்கள் சத்யராஜ், கோவை சரளா. சூலூர்க்காரர் மணிவண்ணன். இவர்களால் கொங்குப் பேச்சு தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. ஆனால் எல்லோரும் ரெயில் ஏறிய பிறகுதான் அது நடந்தது.

ஊரிலேயே நின்றவர்கள்

எல்லாமே போய்விட்டதா? இல்லை. இங்கேயே நின்று கலையைக் காத்தவர்களும் உண்டு.

பொள்ளாச்சி அருகே ஆத்துப் பொள்ளாச்சியில் 1936ல் பிறந்தவர் கவிஞர் சிற்பி பாலசுப்பிரமணியம். பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக் கொடுத்தார். 1971ல் கோவையில் "வானம்பாடி" கவிதை ஏடு பிறந்தபோது அந்த அணியில் நின்றார். விலை போடாமல் வந்த ஏடு அது. தன் ஊர் நதியையே பாடி எழுதிய "ஒரு கிராமத்து நதி" நூலுக்காக 2002ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். 2022ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

அந்தக் கல்லூரிக்குப் பின்னால் நின்றவர் தொழில் அதிபர் நா.மகாலிங்கம். 1952 முதல் மூன்று முறை பொள்ளாச்சி எம்.எல்.ஏ.வாக இருந்தவர். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர். பஸ் கம்பெனியும் சர்க்கரை ஆலையும் நடத்தியவர், தமிழ் நூல் பதிப்புக்கும் "ஓம் சக்தி" பத்திரிகைக்கும் பணம் போட்டார். ஆண்டுதோறும் வள்ளலார்-காந்தி விழா நடத்தினார். 2014 அக்டோபர் 2ந்தேதி, அந்த விழா நாளிலேயே காலமானார்.

87 வயது ஆசான்

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் ஒரு பெரியவர். பெயர் பத்ரப்பன். வள்ளி கும்மி ஆசான். 2024ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87.

வள்ளிக்கும் முருகனுக்கும் நடந்த கல்யாணக் கதையைப் பாட்டாகப் பாடிக்கொண்டே ஆடும் ஆட்டம் இது. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடினார்கள். "பொம்பளைகளுக்கு எதுக்கு ஆட்டம்?" என்று கேட்ட காலத்தில், பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

இன்று நிலைமையே வேறு. கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர் பக்கம் கோவில் மைதானங்களில் சாயங்காலம் ஆனால் கும்மிப் பயிற்சி. ஸ்கூல் பிள்ளையும் ஆடுகிறது. பாட்டியும் ஆடுகிறார். ஒரே நிறச் சேலையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக ஆடும் விழாக்களும் நடக்கின்றன. இதற்கு ஸ்டூடியோ வேண்டாம், சென்னைக்கு ரெயில் ஏற வேண்டாம். ஒரு மைதானமும் ஒரு ஆசானும் போதும்.

தறிச் சத்தம் குறைகிறது

பொள்ளாச்சி அருகே நெகமம் இருக்கிறது. நெகமம் காட்டன் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் கிடைத்தது. ஆனால் கைத்தறிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகி வருகிறது.

கைத்தறிக்காரர் நாள் முழுக்க உட்கார்ந்து கையும் காலும் சேர்த்து நெய்ய வேண்டும். அதே டிசைனை விசைத்தறி சீக்கிரமே அடித்துத் தள்ளிவிடும். கைத்தறிக்கு என்று சில ரகங்களை ஒதுக்கி 1985ல் மத்திய அரசு சட்டம் போட்டது. சட்டம் இருந்தும் போட்டி நிற்கவில்லை. அப்பா தறியில் உட்கார்ந்த வீட்டிலும் பிள்ளை மில்லுக்கோ கம்பெனிக்கோ போகிறான். கற்றுக்கொள்ள ஆள் இல்லாத தொழிலைக் குறியீடு மட்டும் காப்பாற்றிவிடாது.

வித்தியாசம் எங்கே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். சினிமா போனதற்குக் காரணம் திறமை இல்லாதது அல்ல. திறமை கொட்டிக் கிடந்தது. முதல் போட்ட ஆளும், தொழில் சொல்லிக் கொடுக்கும் இடமும் ஊரை விட்டுப் போனதுதான் காரணம். கவிதையும் கும்மியும் நின்றதற்குக் காரணம், சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் ஊரிலேயே நின்றார்.

இன்று கோவை வட்டாரக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு இருக்கிறது. எடிட்டிங் செய்ய பெரிய ஸ்டூடியோ தேவை இல்லை, ஒரு கம்ப்யூட்டர் போதும். படச்சுருளைச் சென்னை லேபரட்டரிக்கு அனுப்ப வேண்டிய காலம் மலையேறிவிட்டது. அன்று சென்னையைத் தேடிப் போனதற்கு இருந்த காரணங்களில் பாதி இன்று இல்லை.

பாக்கி இருப்பது பணம் போடும் கை. ஷூட்டிங் வரும் கம்பெனிகள் உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டால், பூசணிக்காய் உடைத்த பிறகும் ஊரில் தொழில் மிஞ்சும். நெகமத்துத் தறிக்கும் அதே கதைதான். நெய்தால் கட்டுபடியாகும் என்று தெரிந்தால் பிள்ளை தறியில் உட்காருவான்.

அடுத்த முறை டி.வி.யில் "தேவர் மகன்" ஓடினால், கதையை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். கூட்டமாக நிற்கும் ஜனங்களைப் பாருங்கள். வசனம் இல்லாமல், பெயரும் இல்லாமல் நிற்கிறார்களே, அதுதான் பொள்ளாச்சி.

ரெயில்வே வேலையை உதறிவிட்டு ஒரு புரொஜக்டரை வாங்கிய வின்சென்டும் அப்படி ஒரு சாதாரண ஆள்தான். அவரைப் போல இன்னொருவர் துணிந்தால், கூட்டத்தில் நிற்கும் பொள்ளாச்சி கேமராவுக்குப் பின்னாலும் போய் நிற்கும்.