நேரம் இல்லைங்க! – உடற்பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

"எக்சர்சைஸ் பண்ணணும்னு ஆசைதான், நேரம் எங்கங்க இருக்கு?" சேலம், நாமக்கல் பக்கம் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐடி வேலையில் இருப்பவருக்கு இரவு ஏழரைக்கு மேல்தான் அமெரிக்காவில் இருந்து கால் வரும். தறி ஓட்டுபவருக்கு ஷிஃப்ட். லாரி ஓட்டுபவருக்கு ராத்திரி பகலே கிடையாது. போதாக்குறைக்கு ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். உடம்புக்கு எவ்வளவு தேவை? அதை எப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்?

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் அப்பா நாமக்கல்லில் 30 வருடம் லாரி ஓட்டியவர். 50 வயதில் சர்க்கரை, 58 வயதில் மாரடைப்பு. எனக்கு இப்போது 44. அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை.

டிரைவரும் கண்டக்டரும்

உட்கார்ந்தே செய்யும் வேலைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடினால், 1953ல் லான்செட் இதழில் வந்த ஜெர்ரி மோரிஸின் ஆய்வில் போய் நிற்போம். லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஒரே நிர்வாகம். ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சில வருடங்கள் கழித்து மோரிஸ் குழுவே யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தது. டிரைவர்களின் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் வித்தியாசம் முழுவதற்கும் மாடிப்படியே காரணம் என்று சொல்ல முடியாது. மோரிஸ் அதோடு விடவில்லை. தபால்காரர்கள், அரசு ஊழியர்கள் என்று ஆய்வை நீட்டித்துக்கொண்டே போனார். தானும் விடாமல் உடற்பயிற்சி செய்தவர், 99 வயது வரை வாழ்ந்தார்.

எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அதாவது, நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வேலை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். அதில் 150 என்பது வெறும் 1.5 சதவீதம். ஆக, மொத்த நேரம் பற்றாக்குறை இல்லை. சேர்ந்தாற்போல் கிடைக்கும் நேரம்தான் பற்றாக்குறை.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. 2010 வழிகாட்டுதலில் "ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம்" என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020ல் அதை எடுத்துவிட்டார்கள். சின்னச் சின்ன துண்டுகளும் கணக்கில் சேரும்.

எப்போது செய்வது?

நம்மில் பலர் "காலை 5.30க்கு வாக்கிங்" என்று கடிகாரத்தை நம்பித் திட்டம் போடுகிறோம். எங்கள் தொழிலில் இதற்கு கிரான் ஜாப் என்று பெயர். அந்த நேரத்தில் சர்வர் படுத்திருந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். முதல் நாள் இரவு கால் 12 மணி வரை போனால், காலையில் சர்வர் படுத்துத்தானே இருக்கும்? அதற்குப் பதிலாக, தினமும் எப்படியும் நடக்கும் ஒன்றோடு பயிற்சியைக் கட்டிவிடலாம்.

அதற்குச் சரியான இடம் சாப்பாடு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2016ல் வெளியானது. தினமும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் 10 நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகான சர்க்கரை ஏற்றம் சராசரியாக 12 சதவீதம் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனால் இரவில் சோறோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு அப்படியே உட்காரும் நமக்கு இது நேராகப் பொருந்துகிறது.

என் ஏற்பாடு இப்படி: மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடை. பகலில் வீட்டுக்குள்ளேயே, இரவில் மொட்டை மாடியில். நான் பேசத் தேவையில்லாத மீட்டிங் என்றால் ஹெட்போனோடு நின்றபடியோ நடந்தபடியோ கேட்பது. செவ்வாய், வெள்ளி சுவரைப் பிடித்துப் புஷ்-அப், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. செருப்பு, ஜிம் கட்டணம், பைபாஸ் ரோட்டு நாய்கள், எந்தக் கவலையும் இல்லை. இன்சுலின் போடுபவர்கள், இதயத்துக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள்? "21 நாள்" என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

தனி மனிதர் மட்டும் போதுமா?

சென்னை திருமங்கலம் ஏசியாட் காலனியை டாக்டர் வி. மோகன் குழு 1990களில் ஆய்வு செய்தது. அப்போது வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். ஆய்வின் முடிவுகளைக் கேட்ட குடியிருப்பு மக்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்கா கட்டினார்கள். மறுபடி போய்ப் பார்த்தபோது அது 58.7 சதவீதமாகியிருந்தது. அதே ஆட்கள், அதே வேலைப்பளு. நடக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை ஒதுக்கியது நல்ல விஷயம். ஆனால் நம் வீட்டிலிருந்து 10 நிமிடத் தூரத்துக்குள் நிழலும் விளக்கும் உள்ள 200 மீட்டர் இருந்தால், அது தினமும் பயன்படும். மாடி இல்லாத வீட்டுப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இரவு சாப்பிட்டு நடக்க வேறு வழி இல்லை. எங்கள் தெருவில் இரண்டு விளக்குக் கேட்டு நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். உங்கள் தெருவிலும் ஒரு தடவை நடந்து பாருங்கள், என்ன குறைகிறது என்று தெரியும்.