விலையும் தரமும்: ‘வாக்யூ’ இறைச்சி உணர்த்தும் பாடம்

முன்னுரை

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய கிடங்கில் என்னும் ஊராகும். அவனைப் போற்றும் சிறுபாணாற்றுப்படை, நிலத்திற்கு நிலம் விருந்து மாறுவதைக் காட்டுகிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோற்றுடன் ஆமான் சூடும், ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டும் பாணர்க்குக் கிடைக்கின்றன. ஆமான் என்பது காட்டுமாடு. பொருநராற்றுப்படையோ, கரிகாலன் அளித்த விருந்தில் இடம்பெற்ற செம்மறிக்கடா அறுகம்புல் தின்று வளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இறைச்சியின் சுவை நிலத்தையும் தீனியையும் பொறுத்தது என்னும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று.

இன்று வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவிற்கும் பணிக்குச் செல்லும் நம் மாணவர்கள், அங்குள்ள உணவகங்களில் ‘வாக்யூ’ என்னும் பெயரைக் காண்கின்றனர். உயர்ரக வாக்யூ மாட்டிறைச்சி கிலோ ஒன்று பல்லாயிரம் ரூபாய் விலை பெறுகிறது. இவ்விலை எதற்கு? பெயருக்கா, பொருளுக்கா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழவு மாடு உணவானமை

‘வா’ என்பது ஜப்பானையும், ‘க்யூ’ என்பது மாட்டையும் குறிக்கும். கி.பி. 675-இல் தெம்மு பேரரசர் மாடு முதலிய விலங்குகளின் இறைச்சியை உண்ணத் தடை விதித்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் அந்நாட்டில் மாடு, நம் காங்கயம் காளையைப் போல, ஏருக்கும் பாரத்திற்குமே பெரிதும் பயன்பட்டது. 1872-இல் மெய்ஜி பேரரசர் வெளிப்படையாக மாட்டிறைச்சி உண்ட பின்னரே அவ்வழக்கம் பரவலாயிற்று. இன்று கருப்பு, பழுப்பு, குறுங்கொம்பு, கொம்பிலி என நான்கு இனங்கள் மட்டுமே வாக்யூ எனப்படும். இவற்றுள் கருப்பினமே பெரும்பான்மை.

தரம் அறியும் முறை

இவ்விறைச்சியின் தனிச்சிறப்பு அதன் நிணத்தில் உள்ளது. பிற மாடுகளில் கொழுப்பு பெரும்பாலும் தசைக்கு வெளியே படியும். இதிலோ தசையிழைகளின் இடையே, பளிங்குக்கல்லில் ஓடும் வெண்வரி போல நுண்ணிதாகப் பரவுகிறது. அக்கொழுப்பு குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் இறைச்சி வாயில் கரைவது போன்ற மென்மை பெறுகிறது.

ஜப்பானில் அறுத்த மாட்டை ஆறாம், ஏழாம் விலா எலும்புகளுக்கு இடையே வெட்டி, பயிற்சி பெற்ற தரமதிப்பாளர் நோக்குகிறார். ஓர் உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பது ஏ, பி, சி என்னும் எழுத்தால் குறிக்கப்படும். தசையிடைக் கொழுப்பு, இறைச்சியின் நிறமும் ஒளியும், உறுதியும் இழையும், கொழுப்பின் நிறமும் தன்மையும் ஆகிய நான்கும் 1 முதல் 5 வரை மதிப்பிடப்படும். இந்நான்கனுள் எது குறைந்த மதிப்பெண் பெறுகிறதோ அதுவே முழு உடலின் மதிப்பெண்ணாகும். மூன்றில் சிறந்து ஒன்றில் தாழ்ந்தால், தாழ்ந்ததே கணக்கு. ‘ஏ5’ என்னும் உயர்நிலைக்குப் பொருள் இதுவே.

செலவின் காரணங்கள்

முதற்காரணம் காலம். கன்று எட்டு முதல் பத்து மாத அளவில் ஏலத்திற்கு வருகிறது. வாங்கியவர் அதனை ஏறத்தாழ முப்பது மாதம் நிறையும்வரை கொழுக்க வைக்கிறார். இரண்டாவது கன்றின் விலை. அண்மைக் காலத்தில் அது பொதுவாக ஐந்து இலட்சம் யென்னைக் கடந்தே நிற்கிறது. மூன்றாவது தீனி. நம் விழுப்புரத்து வயல்களில் கிடைப்பது போன்ற நெல் வைக்கோல் அங்கும் உண்டு. ஆயினும் அதனுடன் இடும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி இறக்குமதியாகும். மாட்டிற்குப் பீர் ஊட்டுகின்றனர், உடல் பிடித்துவிடுகின்றனர் என்னும் கதைகள் பொதுவழக்கைக் குறிப்பன அல்ல.

நான்காவது காரணம் நம்பகம். 2003-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு மாட்டிற்கும் 10 இலக்க எண் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டு, பிறந்த நாள், இனம், வளர்ந்த இடம் ஆகியவற்றை வாங்குவோர் அறியலாம்.

பெயர் மயக்கம்

‘கோபே’ என்பது வாக்யூவின் ஒரு பிரிவே. ஹியோகோ மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தஜிமா வழி மாடாக இருந்து, குறித்த தரத்தையும் எட்டினால் மட்டுமே அப்பெயர் கிட்டும். 1976-இலும் 1990-களிலும் சில மாடுகள் அமெரிக்கா சென்றன. அவற்றின் வழித்தோன்றல்களைப் பிற இனங்களுடன் கலந்து வளர்த்ததும் ‘வாக்யூ’ என்றே பல நாடுகளில் விற்கப்படுகிறது. இந்தியாவிலோ மாட்டிறைச்சி இறக்குமதிக்கே சட்டத்தில் இடமில்லை. ஆதலின் பெயரை மட்டும் நம்பிப் பணம் தருவது அறிவுடைமை ஆகாது. இனம், தரமதிப்பெண், ஹலால் சான்று ஆகிய மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். ஹலால் முறையில் அறுக்கும் கூடங்கள் ஜப்பானிலேயே உள்ளன.

நம் சந்தையும் நாமும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் உள்ள செஞ்சியில் வெள்ளிதோறும் கூடும் சந்தை, ஆட்டு வணிகத்தால் புகழ்பெற்றது. பக்ரீத் நெருங்குங்கால் பல ஊர் வணிகரும் அங்குக் கூடுவர். முதுகைத் தடவித் தசையறிவதும், பல்லைப் பார்த்து வயதறிவதும் நம் முன்னோர் கண்ட தரப்பகுப்பே. ஆனால் அவ்வறிவு எழுத்தில் இல்லை. வல்லவர் கையில் மட்டுமே உள்ளது. மாட்டுச் சந்தைகளிலோ துண்டின் மறைவில் விரல் பற்றி விலை பேசும் வழக்கமும் உண்டு. தீனி பார்த்து நன்கு வளர்த்த ஏழைக்கும், எடை கூட்டத் தண்ணீர் புகட்டிக் கொணர்ந்தவனுக்கும் ஒரே விலை கிடைக்குமாயின், நன்கு வளர்ப்பவன் எதற்காக உழைப்பான்?

முடிவுரை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுள் கைவிட்டு ஈரம் கண்டு, அதனை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அளவில் மோசம் செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அமைந்துள்ளது. குறையை மறைக்காமல் மேலே வைப்பதே தரம். ஜப்பானியர் தம் மாட்டிற்குச் செய்திருப்பதும் அடிப்படையில் இதுவே.

அவ்வுயர்ந்த இறைச்சியில் சில துண்டங்களின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகும். ஆதலின் அந்நாட்டவரே மெல்லிய சீவல்களாகச் சிறிதளவே உண்கின்றனர். அத்தகைய விலையை நாம் தர வேண்டுவதில்லை. தருவது வீண்விரயம் ஆகவும் கூடும். ஆயின் அவ்விலைக்குப் பின்னுள்ள ஒழுங்கு நமக்கு வேண்டும். வளர்த்தவன் மறைக்காமல் சொல்லவும், வாங்குபவன் கேட்டறியவும் பழகினால், செஞ்சிச் சந்தையில் நிற்கும் ஒரு சாதாரண ஆட்டிற்கும் உரிய மதிப்புக் கிட்டும். அம்முயற்சியைப் படித்த நம் இளைஞர்கள் மேற்கொள்ளுதல் வேண்டும்.