மணியின் உள்ளே

நடராசப் பெருமானின் ஐந்து ஆடலரங்குகளுள் தில்லை பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லை தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை. காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காடோ இரத்தின சபை. பொன்னோடும் வெள்ளியோடும் மணியை ஒருங்கே வைத்து மதித்த மரபு நம்முடையது. அம்மரபு மணியின் நிறத்தைக் கண்டு வியந்ததோடு நில்லாமல் அதன் உள்ளேயும் உற்று நோக்கியது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் மணிக்கடைகளைக் காட்டுமிடத்தில் வயிரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கினைச் சுட்டுகிறது. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்பன அவற்றின் பொருள். இவை நீங்கிய கல்லே நல்ல கல் என்பது வணிகர் துணிபு.

நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இக்குற்றங்களே பேசத் தொடங்குகின்றன. இலங்கை நீலக்கல் ஒன்றில் கண்ணுக்கு வெறும் மங்கலாகத் தோன்றும் இடத்தைப் பெருக்கிப் பார்த்தால், மயிரினும் மெல்லிய ஊசிகள் 60 பாகைக் கோணங்களில் ஒன்றையொன்று வெட்டிக் கிடப்பதைக் காணலாம். கல் மெல்லக் குளிர்ந்தபோது அதில் கரைந்திருந்த டைட்டானியம் பிரிந்து ரூட்டைல் என்னும் கனிம ஊசிகளாயிற்று. பக்கவாட்டில் ஒளி பட்டதும் அவை வானவில்லாய் மின்னும். மணியியலார் இதனைப் ‘பட்டு’ என்கின்றனர், பொருத்தமான பெயர்தான். பட்டு செறிந்த கல்லைக் குவிந்த வடிவில் இழைத்தால் அதன்மேல் ஆறு கதிர் விண்மீன் எழும். கொலம்பியா நாட்டு மரகதத்தினுள்ளோ, சிறு குழியொன்றில் உப்புநீரும் வளிக்குமிழியும் கனசதுர உப்புப் படிகமும் மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறைப்பட்டிருக்கின்றன.

அழகோடு முடிவதன்று இச்செய்தி. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் வகைகள். ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ இத்தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே. 1902-இல் பிரெஞ்சு வேதியியலார் அகஸ்ட் வெர்னாய், அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படியவைத்துச் செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை அறிவித்தார். நிறம், எடை, கடினத்தன்மை அனைத்தும் இயற்கைக் கல்லுக்கு நிகர். உரைத்தும் நிறுத்தும் வேறுபாடு காண இயலாது. ஆயினும் உருகிப் படிந்த கல்லின் வளர்ச்சிக் கோடுகள் இசைத்தட்டின் வரிகளைப்போல் வளைந்திருக்கும், வளிக்குமிழிகளும் தென்படலாம். நிலத்தடியில் விளைந்த கல்லின் கோடுகளோ நேராகச் சென்று கோணத்தில் திரும்பும். ஆதலால் மாசு மருவற்ற மாணிக்கத்தைக் கண்டால் ஆய்வாளருக்கு முதலில் எழுவது மகிழ்ச்சியன்று, ஐயமே.

பாட்டியின் சிவப்புக்கல் தோட்டினை மகளின் திருமணத்திற்காக விற்க வருபவர், அது பழைய நகை என்பதனாலேயே இயற்கைக் கல் என நம்புவார். செயற்கை மாணிக்கத்திற்கும் நூறாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. அத்தோட்டில் ஒரு சிறு பட்டிழை தென்பட்டால், முன்னோர் குற்றமென்று ஒதுக்கியிருக்கக்கூடிய அவ்விழையே அவர் பக்கம் நிற்கும் சாட்சி.