பொய்ச்செய்தியைச் சுமத்தல்

திருமலைராயன்பட்டினத்தில் வாழ்வோருள் காளமேகப் புலவரின் கதையை அறியாதவர் இலர். திருமலைராயனின் அவையில் அவமதிக்கப்பட்ட அப்புலவர், ஊர் மண்மாரியால் அழியுமாறு வசை பாடினார் என்பதும், அவ்வாறே ஊர் அழிந்தது என்பதும் கதை. ஊர் இன்றும் இருக்கிறது; கதையும் இருக்கிறது. ஒரு சொல்லால் ஓர் ஊர் அழியக்கூடும் என்று முன்னோர் நம்பியதை நகைப்புக்குரியதாகவே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 2018 ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் அவ்வாறு எண்ணுவதில்லை.

அம்மாதம் 9 ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் உறவினருடன் குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் வழி கேட்க நின்றார். அங்கிருந்த சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டனர் என்ற கூக்குரல் எழுந்தது. திரண்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். ஜூலை 1 ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் இவ்விதமே மாண்டனர். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் நுழைந்திருக்கிறது என்னும் வாட்ஸ்அப் செய்திகள் இக்கொலைகளுக்கு முன்னரே கைப்பேசிதோறும் சென்றிருந்தன.

அவ்வாண்டு நாடெங்கும் உலவிய காட்சிகளுள் ஒன்று நம் கருத்துக்குரியது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதை அதில் காணலாம். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைக் குறித்துப் பெற்றோருக்கு அறிவுறுத்த எடுக்கப்பட்ட குறும்படம். தூக்கிச் சென்றவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து, அறிவுரை எழுதிய அட்டையைக் காட்டுவதே அதன் முடிவு. அம்முடிவை யாரோ வெட்டியெறிந்துவிட்டனர். ஆக, மக்கள் கண்ணால் கண்ட எதுவும் பொய்யன்று. எங்கிருந்து வந்தது என்பதும், எதற்காக எடுக்கப்பட்டது என்பதுமே மறைக்கப்பட்டன. யோசுவா 9 ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் செய்ததும் இதுவே. அப்பம் மெய்யாகவே பூசணம் பூத்திருந்தது. பாதரட்சைகள் மெய்யாகவே பழுதுபார்க்கப்பட்டவை. இஸ்ரவேலர் அவற்றைக் கண்டு திருப்தியடைந்தனர், கர்த்தரிடத்தில் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் பிறர் குற்றமாக எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள இயலாது. அம்மே மாதத்தில் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் எனக்கு ஒரு குரல்பதிவை அனுப்பினார். கடற்கரை ஊர்களில் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக அது கூறிற்று. பேசியவர் யார் என்று நான் கேட்கவில்லை. “பெற்றோர் எச்சரிக்கையாயிருங்கள்” என்று ஒரு வரி சேர்த்துச் சபைக் குழுவிற்கு அனுப்பிவிட்டு உறங்கச் சென்றேன். மூன்றாம் நாள், மிதிவண்டியில் பாய் விற்க வந்த வடநாட்டு இளைஞன் ஒருவனை எங்கள் தெருவில் வாலிபர்கள் மறித்துக்கொண்டனர். சட்டை கிழிந்தது, ஓர் அடியும் விழுந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குறுக்கே நின்று, அவனுடைய அடையாள அட்டையை வாங்கி உரக்க வாசித்து, காவல் நிலையத்திற்குச் சொல்லியனுப்பியதால் அவன் உயிரோடு திரும்பினான். பின்னர் அவ்வாலிபர்களைக் கடிந்துகொண்டபோது ஒருவன் அமைதியாகச் சொன்னான்: “ஐயா, நீங்கள் அனுப்பியதைத்தானே நம்பினோம்.”

மக்கள் இணையத்தில் காண்பதை அளவுக்கு மீறி நம்புகிறார்களா என்னும் வினாவிற்கு அவனுடைய சொல்லே எனக்கு விடையாயிற்று. அவர்கள் திரையை நம்புவதில்லை, அனுப்பியவரை நம்புகிறார்கள். மாமா அனுப்பினார், தலைமையாசிரியர் அனுப்பினார், ஆயர் அனுப்பினார் என்பதே சான்றாகிவிடுகிறது. இளைஞரே எளிதில் ஏமாறுகின்றனர் என்று ஆயர் கூட்டங்களில் நாம் பேசிக்கொள்வது வழக்கம். ஆனால் 2016 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தல் காலத்தை ஆராய்ந்து 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பொய்ச்செய்தித் தளங்களின் கட்டுரைகளை, மிக இளைய வயதினரைவிட 65 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகப் பகிர்ந்தனர் என்று காட்டிற்று. நம் நாட்டின் நிலை வேறாயிருக்கலாம். என் கைப்பேசியை நோக்கினால் அவ்வாறு தோன்றவில்லை.

இவ்விடத்தில் யாத்திராகமம் 23:1 ஐ மூலமொழியில் வாசிப்பது பயனுள்ளது. அபாண்டமான சொல்லைப் பற்றிய அக்கட்டளையில் வரும் எபிரேய வினைச்சொல் ‘நாசா’ என்பது. தூக்குதல், சுமத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். செய்திக்குரிய அடைமொழி ‘ஷாவ்’; வெறுமை, பொய் எனப் பொருள்படும். இவ்விரு சொற்களும் இணைந்து வரும் மற்றோர் இடத்தை மாணவர்கள் உடனே நினைவுகூர்வர். அது மூன்றாம் கட்டளை. கர்த்தருடைய நாமத்தை வீணிலே ‘சுமவாதே’ என்பதே அங்கும் மூலத்தின் சொல்லமைப்பு. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மூன்றாம் கட்டளையில் அவ்வினையை ‘வழங்குதல்’ என்றும், 23:1 இல் ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்றும் பெயர்த்திருக்கிறது. எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பும் ஒங்கெலோஸின் அரமேயத் தர்கூமும் இங்கு ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருளையே கொண்டன. ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்போ எழுப்புதல் என்று கொண்டது. எது சரி என்று வாதிடத் தேவையில்லை. சுமப்பவன் ஒரு கையால் ஏற்று மறு கையால் வழங்குகிறான். எபிரேயச் சொல் இரண்டையும் ஒன்றாகவே பிடித்திருக்கிறது. பொய்யைப் புனைந்தவனை மட்டுமன்று, அதைத் தூக்கி அடுத்த வீடு வரை கொண்டுசென்றவனையும் கட்டளை தேடி வருகிறது. நான் புனையவில்லை, வந்ததை அனுப்பினேன் என்னும் சமாதானத்திற்கு இங்கு இடமில்லை. அடுத்த வசனமே தீமை செய்யத் திரளானோரைப் பின்பற்றுவதைத் தடைசெய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அத்திமூருக்குச் செல்லும் பாதை அவ்விரு வசனங்களுக்கிடையே கிடக்கிறது.

ஆதிச் சபையும் இச்சிக்கலை அறிந்திருந்தது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்னும் செய்தி தெசலோனிக்கேயாவில் பரவியபோது, அது ஆவியின் வெளிப்பாடாகவோ, வாய்மொழியாகவோ, பவுலின் பெயரால் வந்த கடிதமாகவோ வந்திருக்கலாம் என்று இரண்டாம் நிருபம் (2:2) எண்ணுகிறது. அதற்கு மாற்றாக, வாழ்த்துரையைத் தன் கையினாலே எழுதுவதை எல்லா நிருபங்களுக்கும் அடையாளமாக அது தருகிறது (3:17). இந்நிருபமே பவுலுடையதுதானா என்று ஐயுறும் அறிஞர் பலர் உளர் என்பது வேறு செய்தி. எனினும் அடையாளம் கேட்பது விசுவாசக் குறைவன்று என்பதை இருதரப்பாரும் மறுப்பதில்லை.

அப்படியாயின் எதையும் நம்பாதீர்கள் என்று சபைக்குப் போதித்துவிடலாமா? இக்கடற்கரையில் அது இயலாது. 2004 டிசம்பர் 26 அன்று இங்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. எங்கள் பட்டினச்சேரி உள்ளிட்ட மீனவர் குடியிருப்புகளுக்குக் கடலே செய்தியாக வந்தது. நான்கு நாட்கள் கழித்து, 30 ஆம் நாள், மீண்டும் பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகமே அறிவித்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி விடுக்கப்பட்ட எச்சரிக்கை அது. தம் இறந்தோரை இன்னும் அடக்கம் செய்து முடிக்காத மக்கள் கடற்கரையெங்கும் மறுபடியும் ஓடினர். அலை வரவில்லை, அக்கணிப்பு ஆதாரமற்றது என்று அறிவியல் துறை அமைச்சர் பின்னர் கூறினார். அரசின் முத்திரையும் ஒருநாள் பிழைக்கலாம். ஆயினும் ஓடாதிருந்தால் நன்று என்று அம்மக்களிடம் சொல்ல எந்த ஆயருக்குத் துணிவு வரும்? ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது 2007 இல்தான்.

சுமத்தலைத் தடுக்கும் முயற்சிகள் சில நடந்துள்ளன. 2018 ஜூலையில், இந்தியாவில் வந்த செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பக்கூடாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளையில் ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்றாக்கியது. அந்நிறுவனம் எழுதுவதைத் தடுக்கவில்லை, சுமப்பதையே குறைத்தது. மோசேயின் வினைச்சொல்லை ஒரு வணிக நிறுவனம் நம்மினும் நன்கு புரிந்துகொண்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகத் தொடர்பற்ற காட்சிகள் பரவி, பீகார் அரசு தன் அதிகாரிகளை இங்கு அனுப்பி விசாரிக்கும் நிலை வந்தது. அச்சமுற்றவர்கள் இம்முறை வடநாட்டார். காட்சிகளில் கொலைகாரராகக் காட்டப்பட்டவர்கள் நாம்.

வாலிபன் சொன்னதைக் கேட்ட அன்றே என் செய்தியை அழித்தேன். பிறர் எடுத்துச் சென்றதை அழிக்க என்னால் இயலவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில், தூக்கியவன் நானே என்று பெயர் சொல்லி அறிக்கையிட்டேன். பாய் விற்றவன் எங்கிருக்கிறான் என்று தெரிந்திருந்தால் அவனிடமே சென்றிருப்பேன்.

அன்றுமுதல் எச்சரிக்கை ஏதேனும் வந்தால், கண்டவர் பெயரைக் கேட்கிறேன், பெயரில்லாததை அனுப்புவதில்லை. உபாகமம் 19:15 கேட்கும் இரண்டு மூன்று சாட்சிகளுக்கு இது ஈடாகாது என்பதை அறிவேன். சபையில் மீன்பிடித் தொழில் செய்யும் முதியவர் ஒருவர் இதைக் கேட்டு வியப்படையவில்லை. புயல் என்று கைப்பேசியில் எத்தனை பேர் அனுப்பினாலும், வாஞ்சூர் அருகேயுள்ள காரைக்கால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்களா, எத்தனையாம் எண் என்று அவர் கேட்பார். ஏற்றச் சொன்னது வானிலைத் துறை என்று தெரியும். தவறினால் யாரைக் கேட்பது என்றும் தெரியும். ஏற்றியிருந்தால், கடல் அமைதியாய்த் தோன்றினாலும் படகைக் கரையேற்றிவிடுவார்.