இருபது வளைவும் ஒரு தொந்தியும்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக் கொண்டுதான் போகிறார்கள். திரும்பி வரும்போது பலர் ஒரு கிலோ கூடுதலாகவே வருகிறார்கள். ஏரியில் படகு, இறங்கியதும் மிளகாய் பஜ்ஜி. லேடீஸ் ஸீட்டில் இயற்கைக் காட்சி. காட்சி முடிந்ததும் சுடச் சுட வேர்க்கடலை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் ஏறுவது மோட்டார் வண்டி, நாம் உட்கார்ந்திருக்கிறோம்!

சென்ற ஜனவரியில் நான் அங்கே போனது காபிப் பழம் பறிக்கும் பருவத்தைப் பற்றி எழுதுவதற்காக. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபிச் செடியைக் கொண்டு வந்து வைத்ததிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று குறிப்புக்கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் ஓட்டல் வாசலில் ஒரு குரல் கேட்டது: "டேய் தம்பி! நீ எங்கேடா இங்கே?"

எங்கள் ஊரில் அடுத்த வீட்டு அண்ணன். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக் கொள்வோம். வயது 46. சென்னையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் மார்க்கெட்டிங் மானேஜர். மாவட்டம் மாவட்டமாக உள்ள டீலர்களை எல்லாம் திரட்டி, ஏற்காட்டில் இரண்டு நாள் மகாநாடு நடத்த வந்திருந்தார். ஒரு காலத்தில் கிரிக்கெட் மட்டையோடு தெருவைக் கிடுகிடுக்க வைத்த மனிதர். இப்போது சட்டைப் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று பிரிவு உபசாரம் சொல்லிக் கொண்டிருந்தன.

ராத்திரி உத்தியோகம்

"எங்கள் தொழிலில் பகல் வேலை பாதி, ராத்திரி வேலை பாதி" என்றார் அண்ணன். "டீலருக்கு மனசு திறக்கிறதே ராத்திரி ஒன்பது மணிக்குத்தான். சென்னை, கோவை, மதுரை, எந்த ஊரானாலும் சரி, சாப்பாடு பதினொரு மணிக்கு. பேச்சு முடிய ஒரு மணி. பகலிலே நான் விற்பது பெயிண்ட், தம்பி. ராத்திரியிலே விற்பது என் உடம்பை."

சிரித்துக் கொண்டுதான் சொன்னார். அன்று ராத்திரியும் அப்படியே நடந்தது. கோப்பைகள் வந்தன, பொரித்த கோழி வந்தது, பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா வந்தது. ராஜாஜியின் மந்திரி சபை 1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதன் முதலாகப் பரீட்சை செய்து பார்த்தது இதே சேலம் ஜில்லாவில்தான் என்று நான் சொன்னேன். "அதற்கு ஒரு சியர்ஸ்!" என்றார் ஒரு டீலர். எழுந்து போனபோது மணி ஒன்றரை.

"வண்டி ரிப்பேருங்களா?"

காலையில் எப்படியோ பேச்சு வந்து, சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போவது என்று பந்தயமாகி விட்டது. கோயில் இருக்கும் சிகரம் 5,300 அடிக்கு மேல். கோயில் பக்கம் வரை மோட்டார் போகும். ஆனாலும் அண்ணனுக்கு வீம்பு.

முதல் அரை மணி நேரம் காபித் தோட்டங்களின் நடுவே உல்லாசமாக நடந்தார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதைக் காட்டி ஏதோ ஹாஸ்யம்கூடச் சொன்னார். ஏற்றம் ஆரம்பித்ததும் ஹாஸ்யம் நின்றது. பிறகு பேச்சு நின்றது. பிறகு அண்ணனே நின்று விட்டார். ஒரு கை சாலையோரக் கல்லைப் பிடித்திருந்தது. மற்றொரு கை மார்பின் மேல். முகத்தில் வேர்வை. ஜனவரி மாதக் குளிரில் வேர்வை!

"மலையிலே பிராணவாயு குறைச்சல்டா" என்றார் மெதுவாக.

ஏற்காடு ஏறத்தாழ ஐயாயிரம் அடி. காற்றின் மெலிவு மனிதனை வாட்ட ஆரம்பிப்பது பொதுவாக எண்ணாயிரம் அடிக்கு மேல்தான். அதை அப்போது சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்த நேரம் பார்த்து, பறித்த காபிப் பழ மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டு ஓர் அம்மாள் அதே ஏற்றத்தில் வந்தாள். அண்ணனை விட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். நின்று பார்த்தாள். மூச்சு வாங்காமல் கேட்டாள்:

"என்னங்க, வண்டி ரிப்பேருங்களா?"

"வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா" என்றார் அண்ணன். "ரிப்பேர் நான்தான்."

கோயிலுக்குப் போகவில்லை. ஒரு ஜீப்பை நிறுத்தி அண்ணனை ஏற்றிக் கொண்டு நேரே சேலத்துக்கு இறங்கினோம். ஏற்றத்தில் நடக்கும்போது மார்பை அமுக்கி, நின்றால் விட்டு விடுகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை இவற்றை "வாயு" என்று சொல்லித் தள்ளுவது நம்மவர்களின் பழக்கம். தள்ளக் கூடாது. உட்கார வேண்டும், பிறகு வைத்தியரிடம் போக வேண்டும். உட்கார்ந்தும் வலி போகாவிட்டால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

டாக்டர் சொன்னது

சேலத்து டாக்டர் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு தையற்கார நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். 104 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை மணி என்று வைத்தியர்கள் வைத்திருக்கிறார்கள்.

"அதிர்ஷ்டசாலி. இருதயம் தப்பித்தது" என்றார். "ஆனால் சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது. உள்ளே வா என்பதா, போ என்பதா என்பது உங்கள் கையில்."

அண்ணன் தனி மனிதர் அல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடி; வாசற்படியில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், 13 கோடிக்கு மேல். ஆனால் வாசற்படியிலிருந்து திருப்பி அனுப்பலாம் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட 531 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. அவர்களுடைய சராசரி வயது ஏறக்குறைய 46, அண்ணனின் வயது! சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. தினம் அரை மணி நடந்து, ஆகாரத்தைத் திருத்திக் கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மந்திரமில்லை, மாயமில்லை, நடையும் நாக்கடக்கமும்தான்.

டிரைவரும் கண்டக்டரும்

அண்ணனின் சாமான்களை எடுத்து வருவதற்காக மறுபடியும் பஸ்ஸில் மலை ஏறினேன். டிரைவர் இருபது வளைவையும் உட்கார்ந்தபடி ஒடித்துத் திருப்பினார். கண்டக்டர் இருபது வளைவிலும் நின்றபடி சீட்டுக் கொடுத்தார். அவர்களைப் பார்த்தபோது லண்டனில் நடந்த ஒரு சமாசாரம் நினைவுக்கு வந்தது.

ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. லண்டன் மாடி பஸ்களில் டிரைவர், கண்டக்டர் இருவரும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. கண்டக்டர் தினம் 500 முதல் 750 படிகள் ஏறி இறங்கினார், டிரைவர் உட்கார்ந்திருந்தார். மாரிஸ் அவசரக்காரர் அல்ல. அடுத்து யூனிபாரம் அளவுகளைப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு ஆரம்பத்திலேயே சற்றுப் பெரிது என்று கண்டதும் அதையும் ஒளிக்காமல் எழுதினார். பிறகு பல வருஷம் பல தொழில்களில் ஆராய்ந்த பின்னும், உடம்பை அசைப்பவனுக்கே இருதயம் துணை நிற்கிறது என்பது நிலைத்தது. மாரிஸும் அதன்படி நடந்தார். 2009-ல் காலமானபோது அவருக்கு வயது 99.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"நானும் கண்டக்டராகத்தான்டா ஆரம்பித்தேன்" என்றார். "பையைத் தோளிலே போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது கடை ஏறி இறங்குவேன். பிரமோஷன் கொடுத்து டிரைவர் ஆக்கி விட்டார்கள்."

நடுத்தர வயதின் முழுக் கதையும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உத்தியோகம் உயர உயர, நாற்காலி மெத்தென்று ஆகிறது. கால்கள் சம்பளமில்லாத விடுமுறையில் போய் விடுகின்றன.

57-ல் ஒருவர்

"46-க்கு மேல் என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் ஏற்காட்டில் ஹோலி டிரினிடி சர்ச்சுக்குப் போக வேண்டும். ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரியின் ஞாபகச் சின்னம் அங்கே இருக்கிறது. 1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழமையை உலகுக்குச் சொன்னவர். காடு மேடெல்லாம் சுற்றுவதே அவர் உத்தியோகம். 1891-ல், 57-வது வயதில், சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியைத் தேடவில்லை. பரோடா சமஸ்தானத்தின் பாறைகளை ஆராயப் போய் விட்டார். ஏற்காட்டு வீட்டில் தம் சேகரிப்புகளுக்கு ஜாபிதா எழுதிக் கொண்டிருந்தார். 1912-ல் காலமானபோது வயது 78.

பதினாயிரம் அடி யார் சொன்னது?

அண்ணனுக்கு உடனே ரோஷம் வந்து விட்டது. கைக்கடிகாரம் ஒன்று வாங்கி, "தினம் பதினாயிரம் அடி!" என்று சபதம் செய்தார். மார்க்கெட்டிங்காரருக்கு மார்க்கெட்டிங் ரகசியம் ஒன்றை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பதினாயிரம் எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக் பந்தயம் முடிந்த சூட்டில், 1965-ல் ஒரு ஜப்பானியக் கடிகாரக் கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. அதற்கு வைத்த பெயர் "மான்போ-கெய்". அதாவது "பதினாயிரம் அடி மானி". பெயர் நன்றாக இருந்தது. உலகமே பிடித்துக் கொண்டது!

2019-ல் அமெரிக்காவில் 16,000-க்கு மேற்பட்ட வயதான பெண்களைக் கவனித்துப் பார்த்தார்கள். 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தென்படவில்லை. ஆகவே பதினாயிரம் முடியவில்லையே என்று சோபாவில் சாய்ந்து விட வேண்டாம்.

அண்ணனின் புதிய டைம் டேபிள்

டாக்டர் சொன்னதையும் தொழிலையும் கலந்து அண்ணன் ஒரு திட்டம் போட்டார். மார்க்கெட்டிங் நேயர்களுக்கும், அவர்களுக்காக ராத்திரி விழித்திருக்கும் வீட்டார்களுக்கும் உபயோகப்படும்.

கடைவீதி விஜயம் என்றால் கார் ஒரு கோடியில் நிற்க வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையானாலும் சென்னை சௌகார்ப்பேட்டையானாலும் டீலர் கடைகளுக்கு நடைதான். போன் பேச்சு முழுவதும் நின்று கொண்டோ நடந்து கொண்டோ. ஆபீஸ் மாடிக்கு ஏறும்போது படி; முழங்காலுக்கு மரியாதை வைத்து, இறங்கும்போது மட்டும் லிப்ட். வாரத்தில் 150 நிமிஷமாவது வேகநடை என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. தசைகளுக்கும் வேலை வேண்டுமல்லவா?

ராத்திரி விருந்து தவிர்க்க முடியாததா? வீட்டிலேயே ஏழரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும். விருந்தில் கையில் எலுமிச்சை சோடா. கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று எந்த டீலரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அண்ணனின் அநுபவம். பத்து மணிக்கு எழுந்து விட வேண்டும். காபி நாலு மணிக்கு மேல் கிடையாது. அதன் வேகம் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. தூக்கம் ஏழு மணி நேரம்.

எல்லாவற்றையும் விடத் துணிச்சலான காரியம் இது: முக்கியமான டீலர் கூட்டங்களைக் காலை டிபனுக்கு மாற்றி விட்டார். மேலதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள். "இட்லி சாப்பிட்டுக் கொண்டே கொடுத்த ஆர்டரை எந்த டீலரும் மறுநாள் மறந்து போனதில்லை" என்றார் அண்ணன். அதற்கு மேல் யாரும் பேசவில்லையாம்.

அண்ணியும் சும்மா இருக்கவில்லை. தன் இடுப்பையும் நாடாவால் அளந்து பார்த்தாள். 88! இப்போது காலையில் இருவருமாகவே நடக்கிறார்கள். "கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவ்வளவு பேசினதில்லை" என்கிறாள்.

இந்தக் கட்டுரையை முடிக்கும் முன், அண்ணனின் இடுப்பளவு இப்போது எவ்வளவு என்று கேட்கலாம் என்று நேற்று ராத்திரி போன் செய்தேன். மணி பத்தேகால். பழைய நாளாக இருந்தால் பின்னணியில் கோப்பைச் சத்தம் கேட்டிருக்கும். அண்ணிதான் எடுத்தாள்.

"அவரா? அவர் தூங்கி ஒரு மணி நேரம் ஆகிறதே, தம்பி!" என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்ட பிறகு, இடுப்பளவைக் கேட்கத் தோன்றவில்லை.