லண்டன் டூ பாரிஸ்: கடலுக்கு அடியில் 20 நிமிடம்... ரயில் ஏறும் முன் விசாவில் கவனிக்க வேண்டியது என்ன?

காலை 8 மணிக்கு லண்டனில் ரயில் ஏறினால் பாரிஸ் போய்ச் சேர ஏறக்குறைய 2 மணி நேரம் 20 நிமிடம்தான். ஆனால் இறங்கும்போது ஸ்டேஷன் கடிகாரம் 11.20 என்று காட்டும். ரயில் லேட் எல்லாம் இல்லை. பிரான்ஸ் நேரம் பிரிட்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது அந்த ஒரு மணி நேரம் நமக்கே கிடைத்துவிடும்.

நேரக் கணக்கு குழம்பினால் பெரிய நஷ்டமில்லை. விசா கணக்கு குழம்பினால்தான் வம்பு. "லண்டன் விசாதான் கையில இருக்கே, பாரிஸை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்று நினைத்தால், ஸ்டேஷனைத் தாண்டியே போக முடியாது. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

எந்த ரயில்? எங்கிருந்து?

இந்தத் தடத்தில் பயணிகள் ரயில் ஓட்டுவது ஒரே நிறுவனம்தான்: யூரோஸ்டார். 1994 நவம்பர் 14 அன்று சேவை தொடங்கியது. லண்டனில் செயின்ட் பான்க்ராஸ் இன்டர்நேஷனல் ஸ்டேஷனில் ஏற வேண்டும், பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். பிரெஞ்சில் அதற்கு 'வடக்கு ஸ்டேஷன்' என்று அர்த்தம். இரண்டுமே ஊருக்கு நடுவில் இருப்பதுதான் இந்த ரயிலின் பெரிய பலம். விமானம் பறக்கும் நேரம் குறைவுதான். ஆனால் ஏர்போர்ட்டுக்குப் போவது, அங்கிருந்து ஊருக்குள் வருவது என எல்லாவற்றையும் கூட்டினால் ரயிலே தேவலை என்றாகிவிடும்.

ஆரம்பத்தில் லண்டனில் இந்த ரயில் கிளம்பியது வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து. நெப்போலியன் தோற்ற போரின் பெயர்! பிரான்ஸிலிருந்து வருகிறவர்களை இந்தப் பெயர்ப் பலகையோடா வரவேற்பது என்று அந்தக் காலத்தில் பாரிஸ் அரசியல்வாதி ஒருவர் பெயரை மாற்றச் சொல்லி பிரிட்டன் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். பெயர் மாறவில்லை. 2007 நவம்பர் 14-ல் ஸ்டேஷன்தான் மாறியது. அதே சமயத்தில் பிரிட்டன் பக்கத்து அதிவேகப் பாதையும் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பிரான்ஸில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் பறந்து வரும் ரயில், இங்கிலாந்துக்குள் நுழைந்ததும் பழைய உள்ளூர் தண்டவாளத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

கடலுக்கு அடியில் என்ன தெரியும்?

ஒன்றுமே தெரியாது. கண்ணாடி வழியே மீன்களைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஜன்னலுக்கு வெளியே 20 நிமிடம் கும்மிருட்டு, அவ்வளவுதான். ஏனென்றால் சேனல் சுரங்கம் கடல் நீருக்குள் போகவில்லை. கடல் படுகைக்கும் கீழே, சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த பாறை அடுக்கைக் குடைந்து போகிறது. மொத்த நீளம் 50.45 கி.மீ. அதில் சுமார் 38 கி.மீ. கடலுக்கு அடியில். உலகில் வேறு எந்தச் சுரங்கத்துக்கும் கடலடியில் இவ்வளவு நீளம் கிடையாது.

இரண்டு நாடுகளும் அவரவர் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டு வந்து, 1990 டிசம்பர் 1 அன்று நடுவில் சந்தித்தன. 1994 மே 6-ல் ராணி எலிசபெத்தும் பிரான்ஸ் அதிபர் மித்தரானும் திறந்து வைத்தார்கள்.

உண்மையில் அங்கே இருப்பது ஒரு சுரங்கம் அல்ல, மூன்று. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் அவசரத்துக்கும் பராமரிப்புக்கும் ஒன்று. ஒவ்வொரு 375 மீட்டருக்கும் நடுச் சுரங்கத்துக்குப் போக ஒரு குறுக்கு வழி உண்டு. யூரோஸ்டார் ரயில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளம் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ரயில் எந்த இடத்தில் நின்றாலும், ஏதோ ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கதவு இருந்தே தீரும்.

அப்படி நின்றதுண்டா? உண்டு. 2009 டிசம்பர் 18 இரவு. வெளியே கடும் பனி, சுரங்கத்துக்குள்ளே வெப்பம். ரயிலில் புகுந்திருந்த பனி உருகி மின் சாதனங்களைக் கெடுக்க, ஐந்து ரயில்கள் அடுத்தடுத்து உள்ளே நின்றுவிட்டன. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். அதன் பிறகு குளிர்காலத்துக்காக ரயில்களில் பல மாற்றங்கள் செய்யப்பட்டன.

லண்டனிலேயே பிரான்ஸ் போலீஸ்!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வழக்கமாக எந்த நாட்டுக்குப் போகிறோமோ அங்கே இறங்கிய பிறகுதான் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். இங்கே தலைகீழ். செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே பிரான்ஸ் எல்லைப் போலீசார் உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் ஏறும் முன்பே அவர்களைத் தாண்டியாக வேண்டும். அதேபோல் பாரிஸ் கார் து நோரில் பிரிட்டன் எல்லை அதிகாரிகள் இருக்கிறார்கள். இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு இது. அதனால் பாரிஸில் இறங்கியதும் நேரே வெளியே நடந்துவிடலாம்.

ஆனால் விசா சரியில்லை என்றால் லண்டனிலேயே கதை முடிந்தது. ரயில் கிளம்பிப் போய்விடும், நீங்கள் பெட்டியோடு வெளியே வர வேண்டியதுதான். சரியான ஆவணம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது பயணியின் பொறுப்பு.

பிரிட்டன், ஷெங்கன் பகுதியில் இல்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு லண்டனுக்கு ஒரு விசா, பாரிஸுக்குத் தனியாக ஷெங்கன் விசா என இரண்டும் வேண்டும். பிரிட்டனில் படிக்கும் மாணவர்கள், வேலை செய்பவர்களுக்கும் இதே விதிதான். அங்கே வசிக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக பிரான்ஸுக்குள் விடமாட்டார்கள். இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் இதே கதைதான்.

சிங்கிள் என்ட்ரியில் சிக்காதீங்க

விசா இரண்டும் கையில் இருந்தும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரிட்டனின் சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதத்துக்குள் பலமுறை போய் வரலாம். ஷெங்கன் விசா அப்படி இல்லை. 'ஒரு முறை மட்டும்' என்று கொடுத்திருந்தால் ஒரே முறைதான்.

சென்னையிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து பாரிஸ், அங்கிருந்து ஊருக்கு ஃப்ளைட் என்றால் பிரச்னை இல்லை. லண்டன் போய், பாரிஸ் பார்த்துவிட்டு மறுபடி லண்டன் வந்து ஊருக்குக் கிளம்பினாலும் சரி, ஷெங்கனுக்குள் நுழைவது ஒரு முறைதான். ஆனால் விலை குறைவாகக் கிடைத்தது என்று பாரிஸுக்குப் போக-வர ஃப்ளைட் டிக்கெட் எடுத்து, நடுவில் இரண்டு நாள் லண்டன் ரயிலில் போய்வர பிளான் போட்டால்? கார் து நோரில் பாஸ்போர்ட் கவுன்ட்டரைத் தாண்டிய நிமிடமே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. உடல் இன்னும் பாரிஸில்தான் இருக்கிறது, சட்டப்படி பிரான்ஸை விட்டாச்சு! சிங்கிள் என்ட்ரி விசா அதோடு காலி. ஊருக்குத் திரும்பும் ஃப்ளைட் பாரிஸில் காத்திருக்கும், நீங்கள் லண்டனில் நிற்பீர்கள். இந்த மாதிரி பிளான் இருந்தால் விண்ணப்பிக்கும்போதே குறைந்தது இரண்டு முறை நுழைய அனுமதி கேளுங்க. விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை எத்தனை என்று போட்டிருப்பார்கள், வாங்கியதும் அதைத்தான் முதலில் பார்க்கணும்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதில் டிஜிட்டல் பதிவு படிப்படியாக வரத் தொடங்கியது. முகத்தைப் படம் எடுத்து, உள்ளே வந்த தேதி, போன தேதி எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். முதல் முறை போகிறவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். சாதாரண டிக்கெட் என்றால் ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். டிக்கெட்டோடு எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களோ, அப்போதே போய்விடுவது நல்லது.

பெட்டி விஷயத்தில் நல்ல செய்தி. எடை பார்ப்பதில்லை. இரண்டு பெட்டி, ஒரு கைப்பை கொண்டு போகலாம், நீளம் 85 செ.மீ. தாண்டக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கும் ஏர்போர்ட் மாதிரி 100 மி.லி. கெடுபிடி இல்லை. ஆனால் சொந்தக்காரங்களுக்கு என்று நெய், பன்னீர், இறைச்சி எடுத்துப் போகக் கூடாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களுக்குத் தடை. 2025 ஏப்ரலில் பிரிட்டனும் மறுபக்கத்துக்கு அதே தடையைப் போட்டுவிட்டது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே தமிழ் கடைகள்

இந்த ரயிலுக்கும் தமிழர்களுக்கும் நெருக்கமான தொடர்பு ஒன்று உண்டு. கார் து நோரிலிருந்து சில நிமிடம் நடந்தால் லா ஷப்பல். தமிழ்ப் பெயர்ப் பலகைகள், மளிகைக் கடை, நகைக்கடை, சாப்பாட்டுக் கடை என ஈழத் தமிழர்கள் உருவாக்கிய பகுதி. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். ஆவணி மாதத்தை ஒட்டி அங்கே நடக்கும் தேர்த்திருவிழா பாரிஸில் ரொம்பப் பிரபலம். அண்ணன் லண்டனில், தங்கை பாரிஸில் என்று பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இது கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போகும் ரயில்.

அவர்களுக்கும் விதிகள் மாறியிருக்கின்றன. 2021 அக்டோபருக்குப் பிறகு பிரெஞ்சு அடையாள அட்டையை வைத்து பிரிட்டன் போக முடியாது, பெரும்பாலானவர்களுக்கு பாஸ்போர்ட் கட்டாயம். 2025 ஏப்ரல் 2 முதல் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களும் முன்கூட்டியே ஆன்லைனில் பயண அனுமதி வாங்க வேண்டும். வதிவிட அட்டை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கை பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு பிரிட்டன் விசாவே தேவை.

டிக்கெட் ஏன் இவ்வளவு விலை?

ஃப்ளைட் டிக்கெட் மாதிரிதான், நாள் நெருங்க நெருங்க ஏறும். சில மாதம் முன்பே எடுத்தால் ஒரு வழிக்கு 50 பவுண்டு அளவில்கூட கிடைக்கும். கடைசி நேரத்தில், கூட்டமான நாளில் 200 பவுண்டைத் தாண்டும். போட்டியே இல்லை என்பது முக்கியக் காரணம். வேறு நிறுவனங்கள் ஓட்டுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய ரயிலை பிரிட்டனில் நிறுத்திப் பராமரிக்க லண்டனில் டெம்பிள் மில்ஸ் என்ற ஒரே ஒரு பணிமனைதான். அது யூரோஸ்டார் வசம். 2025 அக்டோபர் இறுதியில், அந்த இடத்தை விர்ஜின் நிறுவனமும் பயன்படுத்த பிரிட்டன் ரயில் ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி கொடுத்தது. 2030-ல் ரயில் ஓட்டுவது அவர்கள் திட்டம்.

அதுவரை குறைந்த விலைக்கு ஒரு வழி, யூரோஸ்டாரே விற்கும் 'ஸ்நாப்' டிக்கெட். தேதியையும், காலையா மதியமா என்பதையும் மட்டும் நாம் சொல்ல வேண்டும். எந்த ரயில் என்பதை 48 மணி நேரத்துக்கு முன்புதான் சொல்வார்கள். விலை பாதியாகக்கூட இறங்கும். ஆனால் மாற்ற முடியாது, கேன்சல் செய்தால் பணம் வராது. எனவே விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்க.